கண்டங்கத்தரிக்கு உப்புத் தண்ணீர்

அன்று காலை மாம்புரித் தோட்டத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர்: காணிக்காரர் நிஸ்தார் நானா, அவருடைய மனைவி சித்தி ராத்தா (அண்ணன், அக்காவை நாங்கள் நானா, ராத்தா என்போம்). இருந்திருக்க வேண்டிய நான் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மிஸ், தன் பேராசிரியரோடு பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பேராசிரியர் கடைசிவரை வரவில்லை.

வயல் உதவியாளராக வரப்போகிறவர்களுக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உப்பு மண்ணில் செடி எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தக்காளியில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். வேர் உறிஞ்சும் உப்பை இலைக்கு ஏறவிடாமல் தடுக்க அதில் ஒரு ஜீன் இருக்கிறது. தக்காளியில் கண்டது அதே குடும்பத்துக் கத்தரிக்கும், தானாக முளைக்கும் கண்டங்கத்தரிக்கும் பொருந்துமா? இதுதான் மிஸ்ஸின் கேள்வி. மண்ணின் வித்தியாசம் கணக்கைக் கெடுக்காமலிருக்க, மூன்றையும் ஒரே பாத்தியில் குலுக்கல் முறையில் கலந்து நட்டோம். எண் குச்சி வரிசைத் தலைப்பில் மட்டும்தான். பார்க்கிறவர்களுக்குத் தக்காளிக்கும் கத்தரிக்கும் இடையில் முள் முளைத்துக் கிடப்பதாகத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போய்ப் படித்த முதல் ஆள் நான். வாப்பா நுரைச்சோலையில் மீன் பிடிக்கிறவர். மகன் டிகிரி முடித்துவிட்டு முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்ற கதை அவர் காதுக்குப் போவதை நான் விரும்பவில்லை. ஆகவே நிஸ்தார் நானா முதல் நாள் விசாரித்தபோது, “தக்காளிக்கும் கத்தரிக்கும் உப்புத் தண்ணி குடுத்துப் பார்க்கிறம் நானா” என்றேன். மூன்றாவதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் ராத்தா கேட்டார்: “தம்பி, இந்த முள்ளு கால்ல ஏறுது. புடுங்கட்டா?”

“இப்ப வேணாம் ராத்தா. நான் பார்த்துக்கொள்றன்.”

“நீங்க எங்க பார்க்கிற? எந்த நேரமும் கொப்பியில எழுதிக்கொண்டுதானே இருக்கிறீங்க!”

சிரித்து மழுப்பினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பேராசிரியர் வருவதாக இருந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. தக்காளியும் கத்தரியும் மட்டும் நிற்க, பாத்தி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எண் குச்சிகளைக்கூட நிமிர்த்தி, மண் துடைத்து வைத்திருந்தார்கள். வேலியோரம் சாம்பல். பிடுங்கிய முள்ளைக் காய்ந்த ஓலை போட்டு எரித்துவிடுவது இங்கே வழக்கம். அந்த வாரம்தான் இலையும் வேரும் எடுத்து முதல்முறையாக உப்பு அளக்க இருந்தோம்.

“விடிய சுபஹ் தொழுத கையோட இறங்கினம்” என்றார் ராத்தா. விரல்களில் துணி சுற்றியிருந்தது. “பெரிய சேர் வாற இடம் காடாக் கிடந்தா உங்களத்தானே ஏசுவாங்க.”

“கலியாண வீடு மாதிரி இல்லயா தம்பி?” என்றார் நானா.

வேலியோரம் போய்ச் சாம்பலைக் குச்சியால் கிளறினேன்; ஒரு வேர்கூட மிஞ்சவில்லை.

மிஸ் தனியாக வந்து இறங்கினார். பாத்தியைப் பார்த்தபடி கேட்டார்: “எத்தின மிச்சம்?”

“ஒண்டும் இல்ல மிஸ்.”

“இவங்களுக்குச் சொல்லியிருந்தீங்கதானே?”

ராத்தாவுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “இல்ல மிஸ். பிழை என்னில. முள்ளுக்குத் தண்ணி ஊத்துறன் எண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சு.”

“எங்கட்டயா வெக்கம்?” என்றார் நானா. “நாங்க சாணி அள்ளுற ஆக்கள் தம்பி.”

மிஸ் அவர்களைப் பாத்தியருகே நிறுத்தி, மூன்று செடிகளும் எப்படிச் சொந்தம் என்று விளக்கினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ராத்தா இடையில் கேட்டார்: “அப்ப, தக்காளிக்குத் தெரிஞ்ச வித்தைய முள்ளும் தெரிஞ்சு வச்சிருக்கோ எண்டு பார்க்கிறீங்க?”

“அதேதான் ராத்தா” என்றார் மிஸ்.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா காவல் இருந்திருப்பனே, தம்பி.”

இப்போது எந்தக் காணிக்குப் போனாலும் முதல் நாளே காணிக்காரரையும் களை பிடுங்குகிறவர்களையும் பாத்திக்குக் கூட்டிப்போகிறேன். எது எங்கள் செடி, எதற்கு வேண்டும் என்று காட்டுகிறேன். களைபோல் தெரிவதைத்தான் முதலில் காட்டுவேன்.

மறுபடி நட்டு வளர்க்க மிஸ்ஸின் புலமைப்பரிசில் காலம் இடம் கொடுக்கவில்லை. தக்காளியையும் கத்தரியையும் மட்டும் வைத்து ஆய்வேட்டைக் கொடுத்தார். கண்டங்கத்தரி உப்பை என்ன செய்கிறது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. போனது நாற்பத்தெட்டுச் செடி, பதினொரு வாரத் தண்ணீர், ஓர் அத்தியாயம்.