தாருக்கு மேல் வெள்ளை

"ஆமாடி, நான் சூனியக்காரிதான். உங்க அண்ணனை முழுசா முழுங்கினேன், உப்புதான் பத்தல!"

புருஷன் செத்த நாளிலிருந்து சூனியக்காரி, சூனியக்காரி என்று கரித்துக்கொட்டிய நாத்தனாரிடம், வாசலில் நின்று இப்படிக் கத்தினாள் பெயின்ட் கடையில் வேலை பார்த்தவள். வாய் என்றால் அது வாய். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்தாள்.

சூனியக்காரி என்று சொல்லி அந்தக் காலத்தில் பொம்பளைகளைக் கட்டித் தண்ணீரில் போடுவார்களாம், மிதந்தால் சூனியக்காரியாம், முங்கினால் நல்லவளாம். ரேடியோவில் கேட்டிருந்தாள். 'நல்லவளானாலும் சாவுதானா, நாசமாப் போறவனுங்க!'

நிறக் கலவை தப்பிப்போன பெயின்டைக் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். அந்த டப்பாக்களைக் கொண்டுவந்து முன்னறைச் சுவரில் படமாக இழுத்தாள். ஆள் இல்லை, முகம் இல்லை. அடியிலிருந்து மேல்வரை கறுப்புத் தண்ணீர், நடுவே நகத்தால் கீறிய வெள்ளைக் கோடு ஒன்று. கறுப்புக்குப் பெயின்ட் போதாமல் தாரைக் காய்ச்சிப் பூசினாள்.

"என்னம்மா இது, அடுப்புக்கரி மாதிரி?" என்றாள் மகள்.

"அவதான்."

"எவ?"

"தண்ணில போட்டாங்களே, அவ."

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மகள், "அதை அழிச்சிடும்மா, உன் கால்ல விழறேன்" என்று அழுதாள். இருப்பது ஒரே பெண். தாருக்கு மேல் வெள்ளை அடித்தால் கசியும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் பெற்றவள்தான். ஒரு பொழுது தாங்காதா என்று அடித்துவிட்டாள்.

மேற்கு வெயில் ஏறிய சுவர். காபி ஆறுவதற்குள் வெள்ளையில் பழுப்பு ஊறிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சுவர்ல ஓதம் ஏறியிருக்கா? ஒட்டுதே!"

மகள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஓதம்தாங்க" என்றாள், பொய்யே சொல்லாதவள்.

கல்யாணம் நிச்சயமானது. ஆனால் நாத்தனார் சும்மா இருப்பாளா? மாப்பிள்ளை வீட்டுக்கே போய், சூனியக்காரி என்று பற்றவைத்தாள்.

மகள் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நீ வந்தா பேச்சு வரும்மா. நம்ம அத்தையே முன்ன நின்னு நடத்தட்டும்னு அவங்க சொல்றாங்க."

"நீ என்னடி சொன்ன?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள்.

கல்யாணத்தன்று பெற்றவள் இடத்தில் நாத்தனார் நின்றாள். பெற்றவள் படம் வரையும் சாமான் விற்கும் கடைக்குப் போய், தண்ணீரில் போடப்பட்டவளை வரைய இனிச் சுவர் வேண்டாம் என்று, ஆளுயரத்துக்குச் சட்டமடித்த கேன்வாஸ் ஒன்று வாங்கினாள். மகளுக்குத் தோடு வாங்க வைத்திருந்த காசு மொத்தமும் அதற்குச் சரியாகப் போனது.