வேனுக்கு முன்னால் அரிசிமாவு

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருக்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரே பெண் ஜெயக்கொடிதான். கழுவுவது, காற்றுப் பார்ப்பது, ஆயில் மாற்றுவது எல்லாம் அவளே செய்வாள். வேறு யாரையும் வண்டியைத் தொடவிட மாட்டாள். ஆனால் எலி அவளைக் கேட்டுக்கொண்டா தொடும்?

போன வருடம் அரையாண்டு விடுமுறைக்கு வேன் வாசலிலேயே நின்றது. மழை ஓய்ந்து பனி இறங்கிய நேரம். வீட்டை ஒட்டிய காலி மனையின் எலிகள், இதமாக ஒரு இடம் தேடி பானெட்டுக்குள் குடித்தனம் வைத்துவிட்டன. பள்ளி திறந்த அன்று காலை சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஒயரையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தன. பிள்ளைகள் ஒன்பது மணிவரை தெருமுனைகளில் காத்து நின்றார்கள்.

அந்த வாரமே நான்கு பிள்ளைகள் அடுத்த தெரு சிட்டிபாபுவின் வேனுக்கு மாறிவிட்டார்கள். அதில் இருவர் தேவதர்ஷினியின் பிள்ளைகள், எல்.கே.ஜி.யிலிருந்து ஜெயக்கொடி ஏற்றி இறக்கியவர்கள். எதிரே அந்த வேன் வரும்போதெல்லாம் சின்னவள் ஜன்னலிலிருந்து கையசைப்பாள். ஜெயக்கொடியும் சிரித்துக்கொண்டே கையசைப்பாள். உள்ளே வயிறு எரியும்.

இந்த வருடமும் வண்டி நின்றால் மிச்சமிருக்கிற பத்துப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் டிசம்பர் பிறந்ததுமே போரைத் தொடங்கிவிட்டாள். பேட்டரி பக்கத்தில் புகையிலை கட்டித் தொங்கவிட்டாள். அந்துருண்டை போட்டாள். பினாயில் தெளித்தாள். பானெட்டைத் திறந்தே வைத்து பல்பு எரியவிட்டாள். விஷம் மட்டும் வைக்கவில்லை. பிள்ளையாரின் வாகனத்தைக் கொன்றுவிட்டுத் தன் வாகனத்தை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எலிகளோ புகையிலை வாசனைக்குப் பழகிவிட்டன. தினமும் பானெட்டில் புழுக்கை கிடந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் மெக்கானிக் எலியேசர் கேக் டப்பாவோடு வந்தார். டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேனின் முன்டயர் அருகே குந்தினார். கறுப்பு டயரில் பொடிப்பொடியாக வெள்ளைக் கால்தடங்கள் மேலேறிப் போயிருந்தன. கீழே, வேனின் மூக்குக்கு நேராக, மார்கழிக் கோலம். பாதி அழிந்திருந்தது.

"இன்னாக்கா இது? கல்மாவா?"

"கல்மாவா? நான் போடுவேனா? பச்சரிசி, மிஷின்ல குடுத்து அரைச்சது. வாசலுக்கு ஒண்ணு, வேனுக்கு ஒண்ணு. சோறு போடுற வண்டியாச்சே."

எலியேசர் தலையில் அடித்துக்கொண்டார். "எலிக்கு வாசல்ல பந்தி போட்டுகினு, உள்ள புகையிலை கட்டி வெரட்டுறியே! துன்னுட்டு அப்டியே மேல ஏறிப் படுத்துக்குது. இன்னும் ஒயர்ல வாய் வெக்கல, அது உன் நல்ல நேரம்."

ஜெயக்கொடிக்கு முகம் சுருங்கிப்போனது. தெருவே கல்மாவில் கோலம் போட, தான் மட்டும் அரிசிமாவில் போடுகிறோம் என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அன்றைக்கே வாசலுக்கும் வேனுக்கும் எலி தின்னாத கல்மாவு வந்துவிட்டது. ஆனாலும் அரிசிமாவுக் கோலத்தை மார்கழியின் பாதியில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. மறுநாள் விடியலில் காலி மனையைக் கடந்து, அதன் அந்தக் கோடியில் போய் அரிசிமாவில் பெரிதாகவே ஒரு கோலம் போட்டாள். எலிகள் அங்கே தின்றுவிட்டு அங்கேயே கிடக்கட்டும்.

அந்தக் கோடிக்குப் பக்கத்தில்தான், அடுத்த தெருவில், சிட்டிபாபு வேன் நிறுத்துவார். அவளுக்குத் தெரியாதா? தெரியும். கோலம் போடும்போது அது நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. கையை உதறிவிட்டு வந்துவிட்டாள். ஒருநாள் அல்ல, ஆறு நாள்.

பள்ளி திறக்கும் காலை வந்தது. பானெட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. பிள்ளையாரை வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது. சந்தோஷத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. தேவதர்ஷினி.

"அக்கா, சிட்டிபாபு அண்ணா வேன் ஸ்டார்ட்டே ஆகலையாம். எலி ஒயரைக் கட் பண்ணிடுச்சாம். எங்க பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிறீங்களா? இனிமே உங்க வேன்லயே விட்டுடறேன்க்கா."

ஒரு வருடமாக இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது.

"இன்னைக்கு மட்டும் ஏத்திக்கிறேன்மா" என்றாள். "நாளைக்கு அவர் வேன் சரியாயிடும்."

சின்னவள் ஓடிவந்து தன் பழைய ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளைத் திரும்பிப் பார்க்க ஜெயக்கொடிக்குத் துணிவில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதும் நேராக அடுத்த தெருவுக்கு ஓட்டினாள். சிட்டிபாபு டயர் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் எதையோ தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, டயர் பூரா மாவு கீது? எங்கேர்ந்து வந்துச்சுன்னே புரியல."

ஜெயக்கொடி வேனிலிருந்து இறங்கினாள்.

"என் வூட்டு மாவுதாண்ணா" என்றாள்.