அளவெடுக்க வந்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் திருவள்ளூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஒரு புயல் மழையில் வீடு இடிந்து அடிபட்டவர்களைப் பழவேற்காட்டிலிருந்து மாட்டுவண்டியில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். சிலர் வழியிலேயே இறந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான், வெள்ளம் வந்த ஊருக்கே போகும்படி ஒரு லாரிக்குள் தியேட்டர் அமைப்பது என்று முடிவாயிற்று. அதற்குப் படம் வரைய ஓர் இளம் என்ஜினியர் வந்தார்.

வந்த நாள் முதல் அவர்மேல் எனக்குச் சந்தேகம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று ஆபரேஷனைப் பார்ப்பார். நோயாளியையும் பார்க்கமாட்டார், டாக்டரையும் பார்க்கமாட்டார், என்னையே பார்ப்பார். நான் எட்டி எதையாவது எடுத்தால் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். நான் திரும்பினால் நோட்டை மூடிவிடுவார்.

"சிஸ்டரம்மா, அந்த ஆளு உன்னையே பாத்துக்கினு கீறாரு. இன்னா எழுதறாருன்னு கேளேன்" என்றாள் எங்கள் ஆயா.

கேட்க எனக்குக் கூச்சம். கல்யாணமாகாத பெண், ஊர் வாய்க்கு அவல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒருநாள் அலமாரியருகே அளவு நாடாவோடு என் பின்னால் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அதைப் பைக்குள் திணித்தார். அன்று மத்தியானமே பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் என் முன்னாலேயே அவரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார். என் கை எட்டும் தூரம், தோள் உயரம், மேஜைக்கும் அலமாரிக்கும் இடையே எத்தனை எட்டு வைக்கிறேன் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

"லாரிக்குள்ள நடக்க இடமிருக்காது சிஸ்டர். நின்ன இடத்துலயே எல்லாம் உங்க கைக்கு எட்டணும்" என்றார் என்ஜினியர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க பாத்துப் பாத்து நடப்பீங்க. அளவு தப்பாயிடும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னொரு நோட்டு இருக்குமோ என்றுகூட நினைத்தேன். அதன்பின் அவர் தனியாக வந்ததேயில்லை. லாரி ஓட்டப்போகும் டிரைவரைக் கூட்டிவந்து, வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார்.

லாரி வந்தது. உள்ளே கத்தி, பஞ்சு, தையல் நூல் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஏறும் படி மட்டும் என் முழங்காலுக்கு மேல் இருந்தது.

"இத ஏன் அளக்கல?" என்று கேட்டேன்.

"உங்க கால் உயரத்த நான் எப்படிங்க கேக்கறது?" என்றார்.

அடுத்த மழையில் பழவேற்காட்டுச் சேற்றில் ஆயா ஒரு மரப்பெட்டியைப் போட்டு அழுத்திப் பிடித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உள்ளே கால் நசுங்கிய மீனவர் ஒருவர் மேஜையில் கிடந்தார்.