அண்ணனிடம் இருந்த சாவி

எங்கள் தகப்பனார், அப்பச்சி, காலமானதும் காரைக்குடி வீட்டில் நானும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டோம். ரங்கூனிலிருந்து வந்த இரும்புப் பெட்டிகளில் ஆளுக்கொன்று. இரண்டின் எண் பூட்டுக்கும் அப்பச்சி ஒரே எண்ணைத்தான் வைத்திருந்தார்கள். என் பெட்டியின் எண் அண்ணனுக்கும் தெரியுமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எண்ணை மாற்றப் பெட்டிக்கொரு தனிச் சாவி உண்டு. பெட்டியைத் திறந்து, கதவின் உட்புறத்தில் அதை நுழைத்தேன், சேரவில்லை. பாகப்பிரிவினையில் சாவிகள் மாறிப்போயிருந்தன. என்னுடையது அண்ணனிடம்!

வெட்கத்தோடு முற்றத்தைக் கடந்து போய்க் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் அவரே வந்து சாவியைப் போட்டுத் திருப்பினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“நான் இங்குட்டுப் பாத்துக்கிறேன். நீ புது நம்பரை வையி, தம்பி.”

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. பழைய எண்ணையே வைத்துப் பூட்டினேன்.

“இந்தாங்கண்ணே, ஒங்க சாவி. நீங்களும் மாத்திக்குவீகள்ல?”

“பாப்பம்” என்றார்.

சில வருடங்களில் அண்ணன் போய்விட்டார். அவர் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் வீட்டார் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பச்சி வைத்த எண்ணைச் சுற்றினேன், திறந்துகொண்டது.

நானும் மாற்றவில்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.