உட்கார்ந்திருக்கும் வீரர்

மொன்றியல் டவுன்டவுனில் ஓர் அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாமுராயின் கவசம், தன் மரப்பெட்டியின் மேலேயே கால் அகட்டி உட்கார்ந்திருக்கிறது. தலையில் கொம்பு, இரும்பு முகத்தில் முறுக்கு மீசை. பத்துப் போராவது பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

“இவர் சண்டைக்கே போகேல்லை அண்ணை,” என்கிறார் காவலுக்கு நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர். விளக்கப் பலகை அவருக்கு மனப்பாடம். “ஜப்பானை ஆண்ட ஷோகன்ரை கந்தோரிலை முப்பது வருசம் சனத்தின்ரை மனு வாசிச்சவர். வாசிச்சு வாசிச்சே பெரிய அதிகாரியா வந்திட்டார். கவசம் தகப்பன்ரை. புதுவருசத்துக்கு வெளியிலை எடுத்து, அரிசிப் பணியாரம் படைச்சுப்போட்டு, திரும்பப் பெட்டிக்கை வைக்கிறது. எங்கடை சரஸ்வதி பூசை மாதிரி.”

பேசிக்கொண்டே கால் மாற்றி நிற்கிறார். முழங்காலில் ஒரு ஷெல் துண்டு இன்னும் இருக்கிறதாம். உட்கார ஒரு கதிரை கேட்டு மேலதிகாரிக்கு மனுக் கொடுத்திருக்கிறார்.

“பதில் வந்ததா?”

“வாசிக்கினமாம்.”

கைப்பேசியோடு ஒரு ஜோடி வருகிறது. போர்வீரரோடு படம் எடுக்க வேண்டுமாம். காவலரைக் கொஞ்சம் விலகச் சொல்கிறார்கள். அவர் நொண்டிக்கொண்டே விலகுகிறார்.