மேஜர் பாக்கியசீலனும் பதினொரு குண்டு ஓட்டைகளும்

அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி "மேஜர் கடை எங்கன?" என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். தண்ணீர் மோட்டாருக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை அது. கடைக்காரர் பாக்கியசீலனுக்கு ஐம்பத்தாறு வயது. காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, நிமிர்ந்த நடை. வாஷர் கேட்டு வருகிறவரைக்கூடக் காவல் கோபுரத்திலிருந்து பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

அவர் ஒரு நாளும் இராணுவத்தில் இருந்ததில்லை. பத்தொன்பது வயதில், பாளையங்கோட்டை மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றார். ஓட்டத்தில் தேறினார். கயிறு ஏறினார். மார்பளவு எடுக்கும்போது எவ்வளவோ மூச்சை இழுத்துப் பிடித்தும் ஒரு விரல்கடை குறைந்துவிட்டது. "அடுத்த ஆள்" என்றார்கள். அவருடைய இராணுவ சேவை அந்த இரண்டு சொற்களோடு முடிந்தது.

மேஜர் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு ஜீப். சாதாரண ஜீப் அல்ல. இராணுவத்துக்கென்றே செய்யப்பட்ட ஜோங்கா என்கிற பெரிய வண்டி. இராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலத்தில் எடுத்துவந்த ஒரு வியாபாரியிடமிருந்து 2004-இல் அதை வாங்கினார். இராணுவப் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால், அதற்கு ஊறவைத்த பாசிப்பயறின் நிறம் அடித்தார். அன்றைக்கு மாலையே கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் ஒரு தடவை போய்த் திரும்பினார். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று சலாம் அடித்தார். வேடிக்கைக்குத்தான் அடித்திருப்பார். பாக்கியசீலன் திருப்பி அடித்த சலாமில் வேடிக்கை எதுவும் இல்லை.

வண்டியைப் பராமரிப்பதில் அவருக்கு இணையாக இந்த வட்டாரத்தில் ஆளில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மெக்கானிக் நடராஜ், "வேற வண்டிப் பம்பு ஒன்னு அப்படியே பொருந்துது அண்ணாச்சி, மாட்டிருவமா?" என்று கேட்டால், "ஏலே, உனக்குச் சிறுநீரகம் கெட்டா ஆட்டுச் சிறுநீரகம் வைப்பியா?" என்று திட்டுவார். ஒரு போல்ட்டுக்காக மதுரைப் பழைய இரும்புச் சந்தையில் மூன்று நாள் சுற்றியிருக்கிறார். பிரேக் மட்டும் எந்தக் காலத்திலும் சரியானதில்லை. கல்லிடைக்குறிச்சியில் மிதித்தால் அம்பாசமுத்திரத்தில் நிற்கும். ஆனால் அதுவும் அசல் பிரேக்.

இப்படி ஒரு திருகாணியில்கூடப் பொய் சொல்லாத மனிதர், வண்டியின் வரலாற்றில்தான் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டார்.

முதல் வருடம், "எழுபத்தொன்னு யுத்தத்துல எல்லைக்குப் போன வண்டி" என்றார். இரண்டாம் வருடம் அது எல்லையைத் தாண்டியது. ஐந்தாம் வருடம், காயம்பட்ட ஒரு தளபதியைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் பள்ளிக்கூடங்கள் அதை அழைத்து வாசலில் நிறுத்தின. ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வண்டியைச் சுற்றி வந்து, "சண்டைக்குப் போச்சின்னு சொல்லுதிய, ஒரு கீறலக்கூடக் காணுமே?" என்று கேட்டது. ஆசிரியை பிள்ளையை அதட்டினார். பாக்கியசீலன் அதட்டவில்லை. நேராக நடராஜின் பட்டறைக்குப் போனார்.

"எத்தன ஓட்ட போடணும் அண்ணாச்சி?"

"ஒரு அஞ்சாறு போடு. பாத்தா பயம் வரணும்."

நடராஜ் உற்சாகமான தொழிலாளி. பதினொன்றாவது ஓட்டை முடிந்தபோது கரண்டு போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் யுத்தம் இன்னும் கடுமையாக நடந்திருக்கும்.

ஓட்டைகள் வந்த பிறகுதான் ஜீப்புக்கு சக்தி வந்தது. இராணுவத்துக்கு ஆள் எடுக்கிற காலத்தில், விக்கிரமசிங்கபுரத்துப் பையன் ஒருவன் ஓட்டைகளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். தேறிவிட்டான். அடுத்த முறை நாற்பது பேர் வந்தார்கள். பானெட்டில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், குங்குமம் தடவினார்கள், பக்கக் கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டினார்கள். தேறியவர்களின் பெயர்களை ஊர் மனப்பாடமாக வைத்திருந்தது. தேறாதவர்களிடம், "பதினொன்னையும் தொட்டியா? எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டது. அவர்களும் யோசித்துவிட்டு, ஒன்றை விட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பாக்கியசீலன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவர் மனைவி ஜாய்சிக்கு இது பிடிக்கவில்லை.

"வீட்டு வாசல்ல சொடலமாடனக் கொண்டாந்து நிறுத்துன மாதிரி இருக்கு. கர்த்தர்கிட்ட என்ன பதில் சொல்லப் போறிய?"

"நானா கும்பிடச் சொன்னேன்? அவனுவளா வந்து கும்பிடுதானுவ."

"வேண்டாம்னும் சொல்லலைல்லா."

ஆனாலும் எலுமிச்சம்பழத்தை வீணாக்குவதும் பாவம் என்பதால், ஜாய்சி அதை ஊறுகாய் போட்டுச் சபை விற்பனை நாளில் வைத்தார். நன்றாக விற்றது.

சிக்கல் போன ஆண்டு வந்தது. ஜீப்பின் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புதுப்பிக்கப் போனால் புகைச் சோதனையில் வண்டி தேறவில்லை. தேறவில்லை என்பது மரியாதையான சொல். முடுக்கியதும் அலுவலக வளாகத்தில் எதிரே நின்றவர்கள் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆய்வாளர் இஷ்ரத் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொறுமையாகவே சொன்னார்.

"சார், இத ரோட்டுல ஓட்ட நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு வழிதான் இருக்கு. அம்பது வருஷம் தாண்டிய பழங்கால வண்டின்னு பதியலாம். எல்லாப் பாகமும் அசலா இருக்கணும், எந்த வருஷம் செஞ்சதுன்னு ஆதாரம் வேணும். ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில கண்காட்சி நடக்குது. பரிசோதிக்கிற குழு அங்கதான் உக்காருது. கொண்டுபோங்க."

"தேறலன்னா?"

"பழைய இரும்புக்குத்தான் போகணும் சார்."

வீட்டுக்கு வந்த பாக்கியசீலன் பீரோவைத் திறந்து, ஜாய்சியின் கல்யாணப் பட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஏலத்தில் வண்டியோடு வந்த இராணுவச் சான்று. இருபது வருடத்துக்கு முன் ஒரு முறை படித்துவிட்டு அங்கே வைத்தது. அதில் இரண்டே செய்திகள். ஒன்று, வண்டி செய்யப்பட்ட ஆண்டு 1972. யுத்தம் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. இரண்டு, வண்டியின் பணி: அதிகாரிகளின் சமையல்கூடத்துக்குக் காய்கறியும் பாலும் கொண்டுவருதல்.

ஜாய்சி முதல் தடவையாக அதைப் படித்தார். சிரிக்காமல் இருக்க நிரம்பச் சிரமப்பட்டார்.

"இதக் காட்டுனா வண்டி பிழைக்கும். நான் செத்தேன்" என்றார் பாக்கியசீலன்.

"நீங்க எப்பம் சண்டைக்குப் போனிய, சாகதுக்கு?"

அவர் ஒரு திட்டம் போட்டார். காகிதத்தைக் குழுவிடம் மட்டும் கமுக்கமாகக் காட்டுவது. ஊருக்கு யுத்தத்தை அப்படியே விட்டுவைப்பது. கெட்ட நேரம், அடுத்த வாரம் இராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜீப் போகிற இடத்துக்கே போய்த் தொட்டுவிட்டு வரலாம் என்று இரண்டு வேன் நிறையப் பையன்களும் பெற்றோர்களும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். சேரன்மகாதேவியில் ஒரு முறையும் பத்தமடையில் ஒரு முறையும் ரேடியேட்டர் கொதித்தது. இரண்டு முறையும் பையன்கள் வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் மொண்டுவந்து, அபிஷேகம்போல ஊற்றினார்கள்.

பாளையங்கோட்டை மைதானத்தில் முப்பது வண்டிகள் நின்றன. பெரும்பாலும் கார்கள். மைக்கில் ஒருவர், ஒவ்வொரு வண்டியின் வரலாற்றையும் அதன் ஆதாரத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். பாக்கியசீலனின் திட்டத்தில் இந்த மைக் இல்லை.

குழுவில் முத்துமாலை என்று ஒரு பெரியவர். இராணுவ வண்டிப் பட்டறையில் இருபத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜீப்புக்கு அடியில் படுத்தார், எழுந்தார், என்ஜினுக்குள் தலையை விட்டார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"என்னவே, ஒவ்வொரு போல்ட்டும் அசலா இருக்கு. எங்க பட்டறையிலகூட இப்பிடி வச்சிருக்க மாட்டோம்."

பாக்கியசீலனின் மார்பு விரிந்தது. பத்தொன்பது வயதில் விரிந்திருந்தால் வாழ்க்கையே மாறியிருக்கும்.

பிறகு முத்துமாலை பக்கவாட்டுக்கு வந்தார். ஒரு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்னது?"

சுற்றிலும் பையன்கள் நின்றார்கள். பாக்கியசீலன் மெதுவாக, "குண்டு பாஞ்சது" என்றார்.

"எங்கன இருந்து சுட்டான்?"

"வெளிய இருந்துதான்."

"அப்பம் பிசிறு ஏன் வெளிய பாத்துல்லா நீட்டிக்கிட்டு நிக்கி? எதிரி உம்ம மடியில உக்காந்து சுட்டானோ?"

யாரோ சிரித்தார்கள். கூடவே வந்திருந்த நடராஜ் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

"பதினொன்னும் ஒரே அளவு வேற" என்று முத்துமாலை தொடர்ந்தார். "ஸ்கேல் வச்சுச் சுட்டிருக்கான். சரி, அத விடும். எந்த வருசத்து வண்டி? பேப்பர் இருக்கா?"

"ஐயா, கொஞ்சம் தனியா..."

"தனியால்லாம் இல்ல வே. மைக்கில வாசிக்கணும். பேப்பர் இருந்தா குடும். இல்லன்னா இல்லைன்னு எழுதிட்டு அடுத்த வண்டிக்குப் போறேன்."

காகிதம் சட்டைப்பையில் இருந்தது. பாக்கியசீலன் கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு வேன் ஆட்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தார். இந்த மைதானத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அது இரண்டாவது தடவை. முத்துமாலை பேனாவைக் குறிப்பேட்டில் வைத்தார். அது எழுதத் தொடங்குவதற்குள் பாக்கியசீலன் காகிதத்தை நீட்டிவிட்டார்.

மைக்காரருக்கு நல்ல குரல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு தயாரிக்கப்பட்ட இந்த வாகனம், இராணுவ அதிகாரிகளின் சமையல்கூடத்துக்குக் காய்கறியும் பாலும் சுமந்து..." என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். பாலை இரண்டு முறை வாசித்தார்.

வேன் ஆட்களில் முதலில் பேசியவர் ஒரு பையனின் அப்பா.

"ஏ மேஜரே, எம்மவன் ரெண்டு தடவ தொட்டுட்டுப் போயும் ஏன் ஃபெயிலானாம்னு இப்பம்லா தெரியுது. கத்திரிக்காய் வண்டியத் தொட்டுட்டுத் துப்பாக்கி கேட்டா எப்பிடிக் குடுப்பான்?"

பாக்கியசீலன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் வடிவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர். அவர் மகன் அதற்கு முந்தைய வருடம் ஜீப்பைத் தொட்டுவிட்டுப் போய்த் தேறியவன். ஊர் மனப்பாடமாக வைத்திருந்த பெயர்களில் அவன் பெயரும் உண்டு. வடிவம்மாள் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்புள்ளைய எங்கன போட்டிருக்கானுவன்னு இதுவரைக்கும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சமையக்காரனாத்தான் எடுத்திருக்கானுவ. நூத்தம்பது பேத்துக்குச் சாம்பார் வைக்கான். சாமி குறை வச்சிட்டுதேன்னு ஒரு வருசமா மனசுக்குள்ள வைதுக்கிட்டு இருந்தேன். சாமி அது கையில உள்ளதத்தான குடுக்கும்?"

கணக்கு எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ஓட்டத்தில் சந்தேகம் உள்ள மூன்று பையன்கள் தங்களுக்குள் கலந்து பேசி, சமையல் பிரிவுக்கு எழுதிப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். செய்துவிட்டு வரிசையில் வந்து ஜீப்பைத் தொட்டார்கள். இந்த முறை ஓட்டைகளை யாரும் தொடவில்லை. பின்பக்கம், காய்கறி மூட்டை வைத்திருக்கக்கூடிய இடமாகப் பார்த்துத் தொட்டார்கள்.

குழு வண்டியைப் பழங்கால வண்டியாக ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. "இருக்கதுலயே அந்தப் பதினொன்னுதான் போலி. அடைச்சிட்டு வாரும்" என்றார் முத்துமாலை. நடராஜ் ஒரே மாலையில் அடைத்துக் கொடுத்தார். வெல்டிங் வைக்கும்போது பாக்கியசீலன் பக்கத்தில் நிற்கவில்லை. வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் அவரை இன்னமும் மேஜர் என்றுதான் கூப்பிடுகிறது. அவர் ஒவ்வொரு முறையும், "மேஜர்லாம் இல்ல வே, காய்கறி வண்டிக்காரன்" என்று திருத்துகிறார். அடக்கத்தைப் பாரேன் என்று ஊர் வியக்கிறது.

புதிய பதிவுச் சான்றை வாங்கப் போனபோது இஷ்ரத் அதிலிருந்த விதியைப் படித்துக் காட்டினார். பழங்கால வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் எடுத்துப்போகலாம். அவ்வளவுதான். பாக்கியசீலன் அந்த வரியை மூன்று முறை படித்தார். பிறகு, பழுது பார்க்க இத்தனை தடவைதான் போகலாம் என்று கணக்கு ஏதும் உண்டா என்று கேட்டார். அப்படி ஒன்றும் எழுதவில்லையே என்றார் இஷ்ரத்.

நடராஜின் பட்டறை மேஜர் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. இப்போதெல்லாம் ஜீப்புக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பழுது வருகிறது. மாலை ஆறரைக்குச் சரியாகிவிடுகிறது.