கழுவிய பின்னும் நின்ற ஒளி: லூர்து மேரி

செவ்வாய்க்கிழமை காலை செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது சவரியின் அழைப்பு வந்தது. லூர்து மேரி மேடத்தின் தம்பி அவர். காரிமங்கலம் பக்கம் விவசாயம் பார்ப்பவர். "சார், அக்கா போயிட்டாங்க சார். காலையில எந்திரிக்கவே இல்லைங்க" என்றார்.

தருமபுரியில் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் மேடம். அவரோடு பழகிய நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால், உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் கரித்துகள்களில் ஆய்வு செய்தோம். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒளிரும். துகளின் மேற்பரப்பில் வேதியியல் முறையில் எதைச் சேர்க்கிறோமோ, அதற்கேற்ப அந்த ஒளியின் நிறம் மாறும். ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்த சவரி, "எங்க வூட்டு அடுப்புலயுந்தான் கரி கெடக்குது. அது எங்க வெளிச்சம் வுடுது, அக்கா?" என்று கேட்டார். மேடம் சிரித்துவிட்டு, "பொடிப்பொடியாக்கி, மேல சரியான ஆளை ஒட்டவச்சா வுடும்டா. யாரு ஒட்டுறாங்கங்கறதுலதான் கலரே இருக்குது" என்றார். இதைவிட எளிமையாக நான் எந்த வகுப்பிலும் விளக்கியதில்லை.

நீல ஒளி எல்லோருக்கும் வந்துவிடும். சிவப்புதான் கடினம். நைட்ரஜன் உள்ள ஒரு சேர்மத்தோடு சூடாக்கியபோது, ஒருநாள் எங்கள் கரைசல் சிவப்பாக ஒளிர்ந்தது. கட்டுரை எழுதி அனுப்பினோம். ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. என் பதவி உயர்வு அந்தக் கட்டுரையை நம்பியிருந்தது.

மேடத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அதே கரைசலை மறுபடியும் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் போட்டு, வழக்கத்தைவிடப் பல நாள் கூடுதலாக விட்டார். துகள்கள் பைக்குள் தங்கும். அவற்றைவிடச் சிறிய கழிவுகள் வெளியேறிவிடும். ஒரு பிற்பகல் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டு விளக்கைக் காட்டினார். பை மங்கிக் கிடந்தது. வெளியே இருந்த தண்ணீர் சிவப்பாக ஒளிர்ந்தது. நாங்கள் கொண்டாடிய சிவப்பு, துகள்களுடையதே அல்ல. கூடவே உண்டான ஏதோ ஒரு சாயத்தினுடையது.

"மேடம், இது யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அப்படிக் கேட்டதை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"நமக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே சார்" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். கடிதம் எழுதியவர் அவர்தான். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தலையாட்டினேன். அதன்பிறகு மூன்று மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பக்கத்து மேசையில் இருந்துகொண்டு பேசாமலிருப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கடிதத்தின் நகல் பிறகொருநாள் கோப்பில் கண்ணில் பட்டது. "கரைசலைச் சுத்தம் செய்தது நான். பிழை என்னுடையது மட்டுமே" என்று எழுதியிருந்தார். முதலில் அதை அவசரமாகக் கழுவி முடித்தது நான். அவர் எழுதி நான் பார்த்த ஒரே பொய் அது. கடிதத்தோடு போய் நின்றேன். "கழுவுனது நானுங்களே மேடம்" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அதுக்கென்னங்க சார், உங்க பேரு கெட வேண்டாம்னு பாத்தேன். டீ குடிச்சீங்களா?" என்றார்.

மறுநாளிலிருந்து மறுபடியும் சேர்ந்து வேலை செய்தோம். நைட்ரஜன் சேர்மத்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் கழுவினோம். நீலம் பச்சையானது. பிறகொருநாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், ரெண்டு நிமிசம் வாங்க. மஞ்சள் வந்திருக்குது. பையிலதாங்க இருக்குது, தண்ணியில இல்லீங்க!" அந்த முகத்தை இனி நான் எங்கே பார்ப்பேன்?

அடக்கம் முடிந்ததும் சவரி அவருடைய ஆய்வுக் குறிப்பேட்டை என்னிடம் தந்தார். "எங்களுக்கு ஒண்ணும் புரியலைங்க. நீங்களே வச்சுக்கோங்க சார்." மேடம் முடிவுகளை மட்டும் தமிழில் எழுதுவார். கடைசிப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "சிவப்பு கிடைக்கவில்லை. மஞ்சள் வரை நிச்சயம்."

நாங்கள் இருவரும் சேர்ந்து அனுப்ப வேண்டியிருந்த ஆய்வறிக்கையை நேற்று தனியாக உட்கார்ந்து முடித்தேன். "கிடைக்கவில்லை" என்ற சொல்லை எழுத என் கை தயங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.